எப்பப் பாத்தாலும் அடிபட்டுக்கிட்டே இருக்கற நாய் – வச்சிருக்கறவங்க வாங்க, பேசணும்

தண்டையார்பேட்டை_தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பொரிக்கு நாலு வயசு, நாட்டு நாய், பொட்டை, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு, வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம் போட்டுட்டு வரோம். குட்டியா இருக்கறப்போ காசிமேட்டுல ஐஸ் உடைக்கற இடத்தாண்ட கெடந்தா, எங்க வீட்டுக்காரர் தூக்கிட்டு வந்தாரு. பாசமான பிள்ளை, கடிக்க மாட்டா, கொலைக்கறது கூட கம்மிதான். ஆனா அவளுக்கு மாசம் ஒரு அடி இல்லன்னா ரெண்டு அடி. மாட்டுப்பொங்கல் அன்னைக்கு மாஞ்சா நூல் பாதத்துல அறுத்து வீடு பூரா ரத்தம். அந்த நூலை தடை பண்ணி எவ்ளோ நாளாச்சு, இன்னும் எங்க தெருவுல கரண்ட் கம்பி பூரா அதான் தொங்குது. அப்புறம் வாசல்ல நிறுத்தி வச்ச பைக் சைலன்சர்ல உரசி தோள்ல தோல் வெந்துடுச்சு. மாடிப்படியில உருண்டது, மூடியில்லாத கால்வாய்ல விழுந்தது, கதவு நிலையில மூஞ்சி இடிச்சு பல்லு ஆடினது, போன கோடையில மாங்கொட்டைய முழுசா முழுங்கி ஆபரேஷன் வரைக்கும் போனது. இப்ப வால் நுனி புண்ணு ஆறவே மாட்டேங்குது, சுவத்துல அடிச்சு அடிச்சு திரும்பத் திரும்ப கிழிச்சுக்கறா, ஹால்ல சுவரு பூரா ரத்தப் பொட்டு.

அக்கம்பக்கத்துல ராசியில்லாத நாய், எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுன்னு சொல்றாங்க. எங்க மாமியார் வெள்ளிக்கிழமை எங்களுக்கு சுத்திப் போடறப்போ அவளையும் உக்கார வச்சு சுத்திப் போடறாங்க, அது அவங்க பாசம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். விடற பேச்சுக்கே இடமில்ல. இந்த மாதிரி பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டை எப்படி நடத்தறீங்க, அடிபட்டா மொதல்ல என்ன பண்றீங்க, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

காசிமேடு_போட்டு:
தங்கச்சி நம்ம ஏரியா பிள்ளைதான் அது, வுடாதமா. எங்க படகாண்ட ஏழெட்டு நாய் கீது, அதுங்களுக்கு வர்ற பெரிய பேஜாரே தூண்டி முள்ளுதான். மீன் வாசனைக்கு கவ்விடும், ஒதட்டுல ஏறிடும். ஒரு விஷயம் எல்லாரும் கேட்டுக்கோங்க, முள்ளை வந்த வழியா பின்னாடி இழுக்கவே கூடாது. நுனியில எதிர்க்கொக்கி கீது, இழுத்தா சதையோட வரும். அதைவிட முக்கியம், முள்ளை முழுங்கிட்டு நூல் மட்டும் வாயில தொங்கிச்சுன்னா அந்த நூலை இழுக்காத, ஒட்ட நறுக்கவும் நறுக்காத, தொங்கறத அப்பிடியே வுட்டு டாக்டராண்ட தூக்கினு போ. நூல் போற பாதைய வச்சுதான் முள்ளு எங்க மாட்டிகீதுன்னு அவரு புடிப்பாரு. கருவாடு காய வைக்கற வலை நூலும் அப்பிடித்தான், குடல்ல சுருக்கிடும்.

மணலி_மாடி:
இவ்ளோ ஆகுதுன்னா சங்கிலி போட்டு மாடியில கட்டிடுங்க சிஸ்டர். எங்க வீட்டுல காலைல கட்டினா நைட்டு சோறு வைக்கறப்போதான் அவுப்போம், ஒரு அடி கூட பட்டதில்ல.

ஊசி_மருந்து:
மணலி அண்ணே, கோச்சுக்காதீங்க, இதுல நான் ஒத்துப்போக மாட்டேன். ராயபுரத்துல ஒரு கால்நடை கிளினிக்ல பல வருஷமா உதவியாளரா இருக்கேன். மாடியில கட்டிப் போட்ட நாய் கைப்பிடிச் சுவரு தாண்டி குதிச்சு சங்கிலியில தொங்கினத கண்ணால பாத்திருக்கேன். பகல் பூரா குட்டைச் சங்கிலியில கட்டி வைக்கறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்துப்படி குத்தம், 11-வது பிரிவுலயே இருக்கு. அது போக மே மாசத்து மொட்டைமாடி வெயில்ல ஒரு நாயைக் கட்டிட்டுப் போனா அடியே தேவையில்ல, சூட்டுலயே போயிடும். நாய்க்கு சாதாரண சூடே 101-லேர்ந்து 102.5 வரைக்கும் இருக்கும், அது 105 தாண்டிச்சுன்னா உசுருக்கு ஆபத்து.

தங்கச்சி, முதலுதவி கேட்டீங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணிய மடிச்சு வச்சு அழுத்திப் பிடிங்க, நின்னுச்சா நின்னுச்சான்னு நடுநடுவுல எடுத்துப் பாக்காதீங்க, உறையற ரத்தம் துணியோட பிஞ்சு வந்துடும். காபித்தூள், மிளகாத்தூள், சாம்பல் எதுவும் வேணாம். சைலன்சர் சூட்டுக்கு ஓடற தண்ணி பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க, பேஸ்ட் இங்க்கு தடவிட்டு வர்றாங்க, அதைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள அது படற பாடு பாக்க முடியல. வலியில எவ்ளோ சாதுவான நாயும் கடிக்கும், அதனால தூக்கறதுக்கு முன்னாடி துப்பட்டாவால வாயை ஒரு சுத்து சுத்தி கழுத்துக்குப் பின்னாடி முடிச்சு போடுங்க, வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் வாயைக் கட்டாதீங்க. கடிச்சுட்டா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க, நம்ம வீட்டு நாய்தானேன்னு இருந்துடாதீங்க.

ஈறு கலரை இன்னைக்கே, நல்லா இருக்கறப்பவே, ஒரு தடவை பாத்து மனசுல வச்சுக்கோங்க. விரலால அழுத்தி எடுத்தா வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் திரும்பி வரணும். அடிபட்ட பிறகு அது வெளுப்பாவே நின்னா உள்ள ரத்தம் போகுதுன்னு எடுத்துக்கிட்டு ஓடணும், வெளிய காயமே தெரியலன்னாலும்.

கடைசியா ஒண்ணு, மனுஷ மாத்திரை வேணவே வேணாம். வலிக்குதுன்னு புரூஃபென் கொடுத்து வயித்துல புண்ணாகி கிட்னி போன நாயெல்லாம் வந்திருக்கு. பாராசிட்டமாலும் அளவு கொஞ்சம் மாறினா ஈரல் காலி.

வியாசர்பாடி_லேப்காரன்:
வால் விஷயம் நான் சொல்றேன்க்கா. எங்க வீட்டு லேப்ரடாருக்கு அதே கதைதான். நம்ம பக்கத்து வீடுங்க எப்படின்னு தெரியும், ஹால்னு பேரு, ரெண்டு பக்கமும் கை நீட்டினா சுவரு, பீரோ ஒரு பக்கம், வாஷிங் மெஷின் ஒரு பக்கம். சந்தோஷத்துல வாலை ஆட்டினா ரெண்டு பக்கமும் இடிக்குது, நுனியில தோல் மெல்லிசு, ரத்தம் தெறிக்கும், ஆற விடாம மறுபடி ஆட்டும். கட்டு போட்டா நைட்டே உருவிப் போட்டுடுவான். அப்புறம் ஏசி பைப்புக்கு சுத்தற கருப்பு ஃபோம் இருக்குல்ல, உள்ள ஓட்டையா குழாய் மாதிரி, அதுல ஒரு சாண் நறுக்கி, டாக்டர் மருந்து வச்சு துணி சுத்தினதுக்கு மேல மாட்டி, வால் முடியோட லேசா டேப் ஒட்டினோம். ஏசி மெக்கானிக் கடையில துண்டு சும்மாவே தருவாங்க. இறுக்கக் கூடாது, இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு நுனி கறுத்துடும், தினமும் கழட்டிப் பாக்கணும். வீட்டுக்குள்ள வரப்போ கொஞ்சுறத நிறுத்திட்டோம், வெளிய திண்ணையாண்ட நின்னு கொஞ்சிட்டு, அவன் அடங்கின பிறகுதான் உள்ள கூட்டிட்டு வருவோம். அதுல பாதி ஆறிடுச்சு.

தண்டையார்பேட்டை_தங்கச்சி:
ரொம்ப நன்றி தம்பி, ஃபோம் இன்னைக்கே வாங்கச் சொல்லியிருக்கேன். ஊசி அண்ணா, ஈறு பாத்தேன், நல்ல ரோஸா இருக்கு. மாங்கொட்டை பத்தி ரெண்டு பேரு தனியா கேட்டிருந்தீங்க, இங்கயே சொல்லிடறேன். சாப்பிட்டதெல்லாம் வாந்தி, அப்புறம் தண்ணி குடிச்சாலும் வாந்தி, வெளிக்கி போகல, முதுகை வளைச்சு நின்னுக்கிட்டே இருந்தா. எக்ஸ்ரேல தெளிவாத் தெரியல, ஸ்கேன்லதான் கொட்டை குடல்ல மாட்டியிருக்கறது தெரிஞ்சுது. மாம்பழ சீசன்ல கொட்டைய மூடி போட்ட டப்பாவுல போடுங்க, தெருக் குப்பைத் தொட்டி ஓரத்துல கெடக்கறத வாக்கிங் போறப்போ பாத்துக்கோங்க.

எல்லாரும் ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் சொல்றீங்க, எனக்கு அது பெரிய உதவி. ஆனா மனசுல ஓடறது வேற, இவளுக்கு மட்டும் ஏன் இவ்ளோ? எங்க தெரு நாய்ங்க லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நெளிஞ்சு போகுதுங்க, ஒண்ணும் ஆகறதில்ல.

திருவொற்றியூர்_டீச்சர்:
நீ கேட்டதுதான்மா சரியான கேள்வி. நான் ரிட்டயர்டு டீச்சர், காலடிப்பேட்டைல இருக்கேன், எங்க வீட்டுல வயசான நாய் ஒண்ணு, ரெண்டு கண்ணும் போயிடுச்சு, இருந்தும் நல்லாவே நடமாடுது. உன் மொதல் பதிவை திரும்ப படிச்சேன். எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, சைலன்சர் சுட்டது எந்தத் தோளு, இடிச்ச பல்லு எந்தப் பக்கம், கால்வாய்ல எந்தப் பக்கமா சாஞ்சு விழுந்தா? ரெண்டு, இதெல்லாம் பகல்லயா, விளக்கு வைக்கற நேரத்துலயா?

நாய் துறுதுறுன்னு இருக்கு, கவனமில்லன்னு சொல்லிச் சிரிச்சுட்டு விட்டுடறோம். பாக்க முடியாத, கேக்க முடியாத, இல்லன்னா இடுப்பு வலிக்கற நாயும் அப்படித்தான் இடிச்சுக்கும், விழும். ஒரு கண்ணு மட்டும் மங்கினா வெளிய தெரியவே தெரியாது, மோப்பத்தையும் காதையும் வச்சு அதுங்க சமாளிச்சுடும், பழக்கமான இடத்துல பந்தைக்கூட பிடிக்கும். மாட்டிக்கறது புதுசா ஒரு பைக் நிக்கறப்பதான்.

வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாரு. பஞ்சை கோலிகுண்டு சைசுக்கு உருட்டிக்கோ. பஞ்சுக்கு சத்தமும் கிடையாது வாசனையும் கிடையாது, அதனாலதான் பஞ்சு. அவ சும்மா உக்காந்திருக்கறப்போ முன்னாடி ஒருத்தர் நின்னு கவனத்தைப் பிடிச்சு வைக்கணும், பின்னாடி நிக்கறவங்க தலைக்கு மேலேர்ந்து ஒரு பக்கமா பஞ்சை விடணும். கண்ணு தெரிஞ்சா அந்தப் பக்கம் திரும்பும். ரெண்டு மூணு தடவைக்கு மேல பண்ணாதே, சலிச்சுப்போய் கண்டுக்காம விட்டுடும், அப்புறம் ஒண்ணும் புரியாது. கையை கண்ணுக்கு நேரா ஆட்டிப் பாக்காதே, காத்து பட்டே கண் சிமிட்டும்.

தண்டையார்பேட்டை_தங்கச்சி:
டீச்சர், உங்க பதிவை படிச்சதும் கை நடுங்குது. தோளு இடது. பல்லு இடது. கதவு நிலை இடது பக்கம்தான். படியில விழுந்ததும் கால்வாய்ல விழுந்ததும் விளக்கு வச்ச பிறகு.

பஞ்சு வச்சுப் பாத்துட்டோம். என் பையன் முன்னாடி உக்காந்து முறுக்கு கையில வச்சுக்கிட்டான், நான் பின்னாடி நின்னேன். மொதல்ல வலது பக்கம் விட்டேன், பஞ்சு தரையத் தொடறதுக்கு முன்னாடியே காது விறைச்சு, மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பி, எழுந்து போய் மோந்து பாத்துட்டு திரும்பி வந்து உக்காந்தா. அப்புறம் இடது பக்கம் விட்டேன். அவ மூஞ்சி முறுக்கையே பாத்துக்கிட்டு இருக்கு, பஞ்சு அவ முன்னங்கால் பக்கத்துல விழுந்து கெடக்கு, ஒரு அசைவு இல்ல. பையன் என்னைப் பாக்கறான், நான் அவனைப் பாக்கறேன். மறுபடி இடது, அதே. மறுபடி வலது, உடனே திரும்பறா. கண்ணை டார்ச் அடிச்சுப் பாத்ததுல இடது பாப்பா கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, வெளிச்சத்துல உத்துப் பாத்தாதான் தெரியுது.

ஊசி_மருந்து:
தங்கச்சி பயப்படாதீங்க, ஆனா தள்ளிப் போடவும் வேணாம். பஞ்சு சோதனை ஒரு சந்தேகத்தைத்தான் சொல்லும், முடிவை டாக்டர்தான் சொல்லணும். புரையா, உள்ள அழுத்தம் ஏறியிருக்கா, விழித்திரையான்னு பாக்கணும், அழுத்தம்னா வலி இருக்கும், அதுக்கு சீக்கிரம் மருந்து வேணும். காதையும் பாக்கச் சொல்லுங்க, உள்காதுல சீழ் பிடிச்சா தலையைச் சாச்சுக்கிட்டு ஒரே பக்கமா சுத்தும், தடுமாறும். ரத்தமும் ஒரு தடவை எடுத்துடுங்க. நம்ம பக்கம் உண்ணி ஜாஸ்தி, உண்ணிக் காய்ச்சல்ல ரத்தத் தட்டு குறையும், சின்ன காயத்துக்கும் ரத்தம் நிக்காது. வால் புண்ணு ஆறாததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பெரம்பூர்_நடையன்:
வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கே போங்கக்கா, 1903-லேர்ந்து இருக்கற காலேஜ், நம்ம வட சென்னைக்காரங்களுக்கு கைக்கெட்டற தூரம், செலவும் வெளிய ஆகறதுல ஒரு பங்குதான். காலைலயே போய் சீட்டு போட்டுடுங்க, கூட்டம் இருக்கும், ஆட்டிலேர்ந்து பூனை வரைக்கும் வரிசையில நிக்கும், அதனால இவ இடது பக்கம் நீங்க நில்லுங்க. ஊசி போட்ட கார்டு, பழைய ஸ்கேன் எல்லாம் கையில வச்சுக்கோங்க. ஆட்டோல நாயைக் கண்டா நிறுத்த மாட்டாங்க, தெரிஞ்ச ஆட்டோ அண்ணன்கிட்ட முந்தின நாளே சொல்லி வச்சு, சீட்டுல விரிக்க பழைய போர்வை எடுத்துட்டுப் போங்க.

தண்டையார்பேட்டை_தங்கச்சி:
போயிட்டு வந்துட்டோம். இடது கண்ணுல புரை. குட்டியா இருக்கறப்போ ஏதோ அடி பட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு, நாலு வயசுக்கு தானா வர்றது கம்மியாம். அழுத்தம் சரியா இருக்கு, வலி இல்ல, வலது கண்ணு சுத்தமா இருக்கு. ஆபரேஷன் பண்றதா வேணாமான்னு அடுத்த தடவை முடிவு பண்ணலாம்னாரு, விழித்திரை வேலை செய்யுதான்னு பாத்துட்டுதான் சொல்ல முடியுமாம், பின்னாடி இருக்கறது வேலை செய்யலன்னா புரையை எடுத்தும் பலன் இல்ல. காது நல்லாருக்கு. ரத்தத்துல தட்டு கொஞ்சம் கம்மி, உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு, ரொம்ப நாள் கொடுக்கணும், நல்லாயிட்டான்னு நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு அழுத்திச் சொன்னாரு.

ராசியில்லாத நாய்னு சொன்ன எதிர்வீட்டு அக்கா கிட்ட நேரா போய் சொன்னேன், அவளுக்கு ஒரு கண்ணு தெரியாதுக்கா, நாலு வருஷமா அப்படியேதான் நம்ம தெருவுல நடந்துருக்கான்னு. அந்தக்கா சாயங்காலம் ரெண்டு அவிச்ச முட்டை கொண்டுவந்து கொடுத்துட்டு அவ தலையைத் தடவிட்டுப் போனாங்க.

எல்லாமே கண்ணால இல்லதான். மாங்கொட்டை அவ நாக்கு ருசியால வந்தது, அதுக்கு டப்பாதான் வழி. ஆனா தோளு, பல்லு, படி, கால்வாய், இத்தனையும் ஒரே காரணம்னு தெரிஞ்சதும் எனக்கு அவமேல வர்ற பாசம் சொல்லி மாளல. இனிமே வீட்டுக்குள்ள என்னென்ன மாத்தணும் டீச்சர்?

திருவொற்றியூர்_டீச்சர்:
நல்ல சேதிதான்மா இது, வலியில்லன்னு சொன்னாங்கல்ல, அது போதும். வீட்டுச் சாமானை இடம் மாத்தாதே. பீரோ, கட்டில், தண்ணிக் கிண்ணம் எல்லாம் அவ மனசுல கணக்கு வச்சிருப்பா, நாய்ங்களுக்கு அந்த ஞாபகம் ஜாஸ்தி. கட்டில் மூலையில, நிலைப்படியில அவ மூஞ்சி உசரத்துக்கு பழைய துணியோ அந்தக் கருப்பு ஃபோமோ ஒட்டிடு. மொசைக் தரையில ஓடினா வழுக்கும், படிக்கு முன்னாடி சணல் மிதியடி போடு, காலுக்கு சொரசொரன்னு பட்டதும் படி வருதுன்னு அவளே நின்னுடுவா. எங்க வீட்டுல அப்படித்தான் பழக்கினேன்.

நடக்கறப்போ நீ எப்பவும் அவ இடது பக்கம். தெருவுல வண்டி உன்னைத் தாண்டித்தான் அவளைத் தொடணும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் கூட்டிட்டே போகாதே, கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும், நடுவுல பைக் பூந்து வரும், ரெண்டு கண்ணு இருக்கறவங்களுக்கே அங்க தலை சுத்தும். பையன் கிட்ட சொல்லி வை, தூங்கறப்போ இடது பக்கம் திடீர்னு தொடக்கூடாது, பேர் சொல்லிக் கூப்ட்டு எழுப்பிட்டுத் தொடணும். வர்ற விருந்தாளி குழந்தைகளுக்கும் அதேதான், இது கண்டிப்பா சொல்லணும். நைட்டு ஹால்ல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். அந்த வலது கண்ணுதான் இனி அவ சொத்து, தண்ணி வடிஞ்சாலோ சிவந்தாலோ நாளைக்குப் பாக்கலாம்னு விடாம அன்னைக்கே காட்டு.

காசிமேடு_போட்டு:
ஒத்தக் கண்ணோட அது குட்டியில ஐஸ் வண்டிக்கும் மீன் கூடைக்கும் நடுவுல தப்பிச்சு வந்துகீது, பொழைக்கத் தெரிஞ்ச பிள்ளைமா. ஞாயித்துக்கிழமை சங்கரா மீன் கொண்டாந்து தரேன், முள்ளெல்லாம் எடுத்துட்டு வேகவச்சுப் போடு, உப்பு காரம் வேணா.

மணலி_மாடி:
எல்லாத்தையும் படிச்சேன். எங்க நாயை இப்ப பகல்ல கீழ வராண்டாவுல விட்டிருக்கேன், கட்டல. மாடிப்படிக்கு கேட் போடறதா இருந்தா எழுதுங்க சிஸ்டர், எங்க அண்ணன் வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, அளவு சொன்னா பண்ணித் தருவாரு.

தண்டையார்பேட்டை_தங்கச்சி:
மணலி அண்ணா, ரொம்ப சந்தோஷம், கேட் கண்டிப்பா வேணும். படி அகலம் ரெண்டே முக்கால் அடி, உசரம் நாலடி இருக்கட்டும், அதுக்கு மேல அவளால தாண்ட முடியாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல அவ தலை நுழையாத அளவுக்கு நெருக்கமா வேணும், ரெண்டரை இஞ்சு போதும். கீழயும் தரையோட ஒட்டி வரணும், பாதம் மாட்டக்கூடாது. கூர் முனை எதுவும் வேணாம், விளிம்பை தேச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. கொக்கி மாடிப்பக்கம் வேணாம், எங்க பக்கம் வைங்க, மாமியாருக்கு கைல வாதம், தள்ளினா திறக்கற மாதிரி லேசா இருக்கணும். விலை என்னன்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டு சொல்லுங்க, அட்வான்ஸ் அனுப்பிடறேன்.